கௌசல்யாவின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்

கரெஸ்பாண்டென்ட் ஐயா, நீங்கள் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டைத் திருடுகிறீர்கள். உங்கள் நர்சிங் காலேஜ் ஆபீஸில் அதற்கு 'சேஃப் கஸ்டடி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பூட்டு உங்களுடையது, சாவி உங்களுடையது, உரியவர் வந்து கேட்டால் தர மாட்டீர்கள். இதற்கு எங்கள் ஊரில் திருட்டு என்றுதான் பெயர்.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பயம் ஒன்றும் இல்லை. நீங்களே எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பதற்காக விட்டு வைத்திருக்கிறேன்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்திரண்டு வருஷம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்தியவன். போன வருஷம் முட்டி வலி வந்து கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நான் 'பாய்'. என் பேர் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் அப்ளிகேஷனில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம். நர்சிங் அப்ளிகேஷனில் நாம் செய்கிற தப்பு ஒரு பெண்ணின் தலையில் விழும். நான் செய்தேன். அதையும் எழுதுகிறேன்.

1. மூன்று மார்க்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கடையில் நிற்க இடம் இருக்காது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், அதாவது பர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகள், பெரும்பாலும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து இன்ஜினியரிங்குக்குப் போட்டுக்கொள்வார்கள். என்னிடம் வருகிறவர்கள் மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகள், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள். அதில் பெண் என்றால், பத்துக்கு ஏழு நர்சிங். காரணம் கேட்டால் அப்பன்மார்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "நர்சுக்குப் படிச்சவ எங்க போனாலும் பொழச்சிக்குவா பாய்."

கௌசல்யா முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்தவள். அப்பா ஏழுமலை, மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் கரியையும் அள்ளிப் போடும் கான்ட்ராக்ட் கேங்கில் வேலை. அம்மா விஜயா, முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கௌசல்யா முதல் நாள் தனியாகத்தான் வந்தாள். அரசாங்க கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் போட வேண்டும் என்றாள். நான் மார்க்கை டைப் செய்துகொண்டே போனேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பயாலஜி தொண்ணூத்தி ஆறு. நீங்க தொண்ணூத்தி மூணு போட்டுக்கினு இருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். "ஏம்மா, மூணு மார்க்குல என்னா கொள்ள போவுது?"

"மூணு மார்க்குல முந்நூறு பேரு எனக்கு முன்னாடி பூடுவாங்க மாமா. அப்பறம் நீங்க வந்து என்னைய நர்சாக்குவீங்களா?"

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நான் திருத்தினேன். அன்றிலிருந்து எந்த அப்ளிகேஷனையும் சப்மிட் கொடுக்கும் முன் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். கடையில் அதற்காகவே இரண்டாவது நாற்காலி போட்டேன். நீங்களும் போடுங்கள்.

அவள் தமிழ் மீடியம். நர்சிங் முழுக்க இங்கிலீஷ் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். எலும்பு, நரம்பு, நோய்ப் பெயர்களை இங்கிலீஷில் பிரின்ட் போட்டுத் தரச் சொன்னாள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நாற்பது பக்கம். "எண்பது ரூபா" என்றேன். "ரெண்டு பக்கமும் அடிச்சா?" என்றாள். "அறுபது." "எழுத்தைச் சின்னதாக்கி அடிச்சா?" கடைசியில் பத்துப் பக்கத்தில் எறும்பு ஊர்வது போல அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் தர்மம் இல்லை. அவளோடு பேசி ஜெயிக்க முடியவில்லை.

2. விரல் விழாத அம்மா

ஸ்காலர்ஷிப் பணம் வருவதற்கு பேங்க் கணக்கு வேண்டும். என் கடையில் ஒரு பேங்கின் மினி கவுன்டரும் இருந்தது. ஆதார், கைரேகை, கணக்கு ரெடி. பெண்ணுக்குப் பதினெட்டு முடியாததால் அம்மாவையும் சேர்த்துப் போட வேண்டும். விஜயாவை வரச் சொன்னேன்.

கட்டை விரலை மெஷினில் வைத்தாள். விழவில்லை. ஆள்காட்டி விரல். விழவில்லை. துடைத்து வைத்தாள், ஈரம் செய்து வைத்தாள். மெஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. கையைத் திருப்பிப் பார்த்தேன். முந்திரித் தோலிலிருந்து வருகிற பால் பட்டுப் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்து, உரிந்து, புதுத் தோல் வந்து, அதுவும் கறுத்திருந்தது. ரேகை என்று ஒன்றும் இல்லை. சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். சாம்பல் எவ்வளவைத் தடுக்கும்?

"பத்து நாளு வேல செய்யாம இரும்மா, தோலு வந்துடும்" என்றேன்.

"பத்து நாளு நான் கொட்ட ஒடைக்கலன்னா அந்தப் பத்து நாளைக்கி நீங்க சோறு போடுவீங்களா பாய்? நாங்க நாலு பேரு. ஒரு மாடு வேற இருக்குது."

மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பத்து விரலையும் வரிசையாக வைக்கச் சொன்னேன். வலது கை சுண்டு விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கொட்டையைப் பிடிக்கும்போதும் சரி, கட்டையால் அடிக்கும்போதும் சரி, அந்த ஒரு விரல் தூக்கியே இருக்குமாம். விஜயா அந்த விரலைத் தனியாக நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இது ஒண்ணாவது ஒக்காந்து தின்னுக்கினு இருந்துச்சே, நல்லதாப் போச்சி."

புதுப் பிள்ளைகளே, முந்திரி உடைக்கிற பெண்கள் வந்தால் முதலிலேயே சுண்டு விரலைக் கேளுங்கள். அவர்களைப் பத்து முறை அழுத்த வைத்து அவமானப்படுத்தாதீர்கள்.

3. நான் சொன்ன வார்த்தை

அந்த மே மாதம் என் கடை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு இருந்தது. 'நர்சிங் அட்மிஷன் நடைபெறுகிறது.' கரெஸ்பாண்டென்ட் ஐயா, உங்கள் காலேஜ் போர்டு. உங்கள் ஏஜென்ட் வந்து கட்டிவிட்டுப் போனான். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், தோளில் ஒரு தோல் பை. அந்தப் பை நிறைய பிள்ளைகளின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்.

ஏழுமலையும் கௌசல்யாவும் என் கடையில் இருந்தபோதுதான் அவன் வந்தான். மார்க்கைப் பார்த்தான்.

"சூப்பர் மார்க்குங்க. ஆனா அரசாங்க கவுன்சிலிங்க நம்பிக்கினு ஒக்காந்தீங்கன்னா அது வர்றதுக்குள்ள பிரைவேட்ல எல்லாம் ஃபுல் ஆயிடும். ரெண்டும் போயிட்டா ஒரு வருஷம் வேஸ்ட்டு. இன்னிக்கி பத்தாயிரம் அட்வான்ஸ், ஒரிஜினல் சர்ட்டிபிகேட், அவ்ளோதான். வெரிஃபிகேஷன் முடிச்சி ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடுவோம்."

ஏழுமலை அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "நீங்க என்னா சொல்றீங்க பாய்?"

கௌசல்யா சொன்னாள்: "ஜெராக்ஸ் குடுக்கலாம்பா. ஒரிஜினல் எதுக்கு?"

நான் சொன்னேன்: "குடுத்துடு ஏழுமலை. பெரிய காலேஜு. எங்க ஓடிப் போயிடப் போறான்."

இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். எழுதுகிறேன். அந்தக் காலேஜில் ஒரு பெண் சேர்ந்தால் எனக்கு இரண்டாயிரம் ரூபாய் கமிஷன். நான் வாங்கினேன். கௌசல்யாவுக்கும் வாங்கினேன். அந்த வருஷம் மொத்தம் நான்கு பெண்கள்.

விஜயா மாதாமாதம் கட்டிவந்த ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். பத்தாவது மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி சர்ட்டிபிகேட், நான்கும் அந்தத் தோல் பைக்குள் போயின. இரண்டு நாள் என்பது இரண்டு வாரம் ஆனது. நான் போன் செய்தேன். "ஆபீஸ்ல சேஃபா இருக்குது பாய்" என்றான் ஏஜென்ட்.

4. அலாட்மென்ட்

மழை ஆரம்பித்திருந்த ஒரு நாள் கௌசல்யா கடைக்கு ஓடி வந்தாள். அரசாங்க கவுன்சிலிங் அலாட்மென்ட் வந்திருந்தது. சென்னைப் பக்கம் ஓர் அரசு நர்சிங் காலேஜ். பிரைவேட்டில் ஒரு வருஷத்துக்குக் கட்டுவதை வைத்து அங்கே நான்கு வருஷமும் படித்து முடித்துவிடலாம். நான் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரியில் குரல் இறங்கியது. ஐந்து நாளுக்குள் ஒரிஜினலோடு நேரில் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் சீட் அடுத்த ஆளுக்கு.

மறுநாள் நானும் ஏழுமலையும் உங்களைப் பார்க்க வந்தோம். ஞாபகம் இருக்கிறதா ஐயா? ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தீர்கள். உள்ளே உட்காரச் சொல்லவில்லை.

"சீட்ட நான் உங்க பொண்ணுக்காக வெச்சிருந்தேன். இப்ப திடீர்னு வேணாம்னா அந்த எடம் நாலு வருஷம் காலியா இருக்கும். நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கினு போங்க."

ஏழுமலை சொன்னான்: "ஐயா, அந்தப் பத்தாயிரத்த நீங்களே வெச்சிக்குங்க. நான் கேக்கல. காயிதத்த மட்டும் குடுத்துடுங்க. அது எம்பொண்ணுது."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. படிச்சித்தான போட்டீங்க?"

அது இங்கிலீஷில் இருந்த ஃபார்ம். என் கடையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டான். நானும் படித்துச் சொல்லவில்லை.

ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்றேன். "அப்ப கவர்மென்ட்ட வந்து வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க பாய்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தீர்கள். புகார் எழுதிப் போட்டோம். அது நடந்து வருவதற்கு மாதம் ஆகும். எங்களிடம் நான்கு நாள்தான் இருந்தது. இரண்டு நாள் அங்கே இங்கே அலைந்ததில் போயிற்று. ஏழுமலை வீட்டுக்குப் போனால், நான் அடித்துக் கொடுத்த பத்துப் பக்கத்தையும் கௌசல்யா மடித்துப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

5. குளிக்காமல் வந்தவர்கள்

ஏழுமலை கேங்கில் பதினான்கு பேர். அதில் முனுசாமி என்று ஒருவர் மூத்தவர். அவர்தான் சொன்னாராம்: "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சதும் அப்டியே போவோம்டா. ஒருத்தனும் குளிக்கக் கூடாது."

மைன்ஸ் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஷிஃப்ட் முடிந்தால் தேய்த்துக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அந்த அழுக்கோடு தன் வீட்டு வாசல் படிகூட ஏற மாட்டார்கள். அன்றைக்கு மழை வேறு. பெல்ட்டுக்கு அடியில் முழங்கால் வரை சேறு. பதினான்கு பேரும் பூட்ஸும் ஹெல்மெட்டுமாக இரண்டு குட்டியானை லோடு வண்டியில் ஏறி வந்தார்கள். வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சர்ட்டிபிகேட் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

காலேஜ் வரவேற்பறையில் வெள்ளை சோபா. கடைசி நேர அட்மிஷனுக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தன. நம் ஆட்கள் யாரையும் இடிக்காமல், காலியாக இருந்த சோபாக்களில் போய் மெதுவாக உட்கார்ந்தார்கள். இடம் பத்தாதவர்கள் தரையில்.

கிளார்க் ஓடி வந்தார். "யாருங்க நீங்கள்லாம்?"

"கௌசல்யா அப்பா" என்றான் ஏழுமலை.

"சரி. நீங்க?"

"நானும் அப்பாதான்" என்றார் முனுசாமி.

"நீங்க?"

"நானும்."

"என்னங்க, பதினாலு பேருமா?"

"ஒரே கேங்கு சார். ஒருத்தன் சோத்துல பதினாலு பேரு கை வெப்போம். அவன் பொண்ணுக்கு நாங்க அப்பா இல்லன்னா எப்டி?"

"சோபா அழுக்காவுதுங்க. மொதல்ல எந்திரிங்க."

"ஒரிஜினல் வந்துட்டா எந்திரிச்சிடுவோம் சார். சண்ட போட வரல. நாங்க பாட்டுக்கு ஒக்காந்துக்கினு இருக்கோம்."

கரெஸ்பாண்டென்ட் ஐயா, நீங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தீர்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றீர்கள். கூப்பிடுங்கள், அவர்களிடமும் இதைத்தான் சொல்லுவோம் என்றேன். அதற்கெல்லாம் நீங்கள் அசையவில்லை. அசைந்தது வேறொன்றுக்கு.

முனுசாமி பக்கத்தில் ஒரு அம்மா மகளோடு உட்கார்ந்திருந்தார். குள்ளஞ்சாவடிப் பக்கம். அவரிடம் இவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "பணம் கட்ட வந்தீங்களாம்மா? நல்லாக் கட்டுங்க. நல்லாப் படிக்கட்டும் கொழந்த. ஒரிஜினல மட்டும் கையில வெச்சிக்கினு கட்டுங்க. எங்க பொண்ணுது உள்ள மாட்டிக்கிச்சி. அதான் நாங்க இப்டி நாறிக்கினு வந்து ஒக்காந்திருக்கோம்."

அந்த அம்மா கவுன்டரில் வைத்திருந்த ஃபைலைத் திரும்ப எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவர் எடுத்தார். மூன்றாவது ஃபைல் எடுக்கப்பட்டபோது கண்ணாடிக் கதவு திறந்தது. "அவங்களுக்குக் குடுத்து அனுப்புய்யா" என்றீர்கள் கிளார்க்கிடம்.

ஏழுமலை நான்கு சர்ட்டிபிகேட்டையும் வாங்கி, கை அழுக்கு படக் கூடாது என்று என்னிடம் கொடுத்தான். எண்ணிப் பார்த்துச் சரி என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். முனுசாமி மட்டும் தோள் துண்டை எடுத்து சோபாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வாண்ணா, அவனுங்களே தொடச்சிக்குவானுங்க" என்றான் கேங்கில் ஒருவன்.

"அவன் எங்கடா தொடைக்கிறான். கூட்டுற ஆயாம்மாதான் தொடைக்கணும். அது என்னா பாவம் பண்ணுச்சி?"

திரும்பி வரும்போது குட்டியானையில் ஏழுமலையிடம் என் கமிஷன் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தெரியும் பாய்."

"எப்டி?"

"அந்த ஏஜென்ட்டே சொன்னான். ஒங்க ஊருல பொண்ணுங்கள புடிச்சிக் குடுத்தா பாய்க்குக் குடுக்கற மாரி ஒனக்கும் ரெண்டாயிரம்னான்."

"ஏன்டா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டு? கவுன்சிலிங்குக்கும் நீங்கதான போட்டுக் குடுத்தீங்க. அத்தோட இது சரியாப் போச்சின்னு வுட்டுட்டேன்."

எனக்கு அது சரியாகப் போகவில்லை. அன்றே போர்டைக் கழற்றினேன். வாங்கிய இரண்டாயிரத்துக்குக் கௌசல்யாவுக்கு வெள்ளை ஷூவும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கிக் கொடுத்தேன். மற்ற மூன்று பெண்களுக்காக வாங்கிய கமிஷனை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். அட்வான்ஸ் பத்தாயிரம் திரும்பவே இல்லை. ஹாஸ்டலுக்கு விஜயா கடன் வாங்கினாள், கேங்கில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்குக் கௌசல்யா அரசு காலேஜில் சேர்ந்தாள். இப்போது மூன்றாம் வருஷம். போன லீவில் வந்து எனக்கு பி.பி. பார்த்தாள். "உப்பக் கொறைங்கன்னு எத்தினி தடவ சொல்றது மாமா? கருவாட்டுக் கொழம்ப வழிச்சி நக்கிக்கினு இருந்தா மாத்திரை எப்டி வேல செய்யும்?" என்று என் மனைவி முன்னாலேயே திட்டிவிட்டுப் போனாள். திட்டட்டும்.

6. கற்றுக்கொண்டது

கடை வைத்திருக்கும் பிள்ளைகளே, ஜெராக்ஸ் கொடுங்கள், ஸ்கேன் கொடுங்கள், அட்டெஸ்டேஷன் வாங்கிக் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கையில் விடக் கூடாது. சேரும்போது ஒரிஜினல் கேட்கத்தான் செய்வார்கள். அதுவும் பிள்ளை உறுதியாகச் சேருகிற இடத்தில், ரசீது எழுதி வாங்கிக்கொண்டு. இங்கிலீஷ் ஃபார்மைத் தமிழில் சொல்லாமல் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். கமிஷன் வாங்குகிறவன் யோசனை சொல்லக் கூடாது. யோசனை சொல்கிறவன் கமிஷன் வாங்கக் கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது.

ஐயா, ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சர்ட்டிபிகேட் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட அன்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கிளார்க் பச்சை இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை ஃபைல்கள், ரப்பர் பேண்டு போட்டு, மேலே பெண் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோ ஒட்டி. சிலதில் ரப்பர் பேண்டு இற்றுப்போய் அட்டையோடு ஒட்டியிருந்தது. இப்போது படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் ஃபைலில் ரப்பர் பேண்டு இற்றுப்போகாது. அவை கேட்டும் கிடைக்காமல் போன பெண்களுடையவை. அவர்களுக்குப் பதினான்கு அப்பாக்கள் இல்லை.

நான் வாங்கினதையும் சொன்னதையும் எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. வருஷா வருஷம் உங்கள் காலேஜில் விளக்கேற்று விழா நடத்துகிறீர்கள். பிள்ளைகள் கையில் விளக்கைப் பிடித்துச் சேவை செய்வோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். பெற்றவர்கள் எதிரே உட்கார்ந்து அழுகிறார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசுகிறீர்கள். இந்த வருஷம் அந்த மைக்கில், அந்தப் பெற்றவர்கள் முன்னால், பதில் சொல்லுங்கள். அந்தப் பச்சை அலமாரியில் எத்தனை பெண்களின் ஒரிஜினல் இருக்கிறது? அவர்கள் பெயர் என்ன? எந்தத் தேதியில் திருப்பிக் கொடுப்பீர்கள்?